குடுவைத் தண்ணீர்

மாணிக்கம்மாள் பாக்குவெட்டியால் குடுவையின் கழுத்தை நறுக்கினாள். டாக்டரை அழைத்துக்கொண்டு வாசல்படி ஏறிய வெண்மதிக்குக் கண்ணாடி முறியும் சத்தம் கேட்டது. உடைந்தது எது என்று உடனே தெரிந்துவிட்டது. உடைகிற பொருள் அந்த வீட்டில் எத்தனையோ இருந்தாலும், உடைந்துவிடுமோ என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் பயந்தது அந்த ஒன்றைத்தான்.

உள்ளே அத்தை மாணிக்கம்மாள், தன் தம்பியின் தலையை இடது கையால் தாங்கியிருந்தாள். வலது கையில் குடுவை. உடைந்த விளிம்பு உதட்டைக் கிழிக்காதபடி முந்தானையைச் சுற்றிப் பிடித்துச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அந்த மட்டுக்கும் பக்குவம் இருந்தது. பாதித் தண்ணீர் வாய்க்குள் போயிற்று. மீதி கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது.

“கொளஞ்சியப்பான்னு சொல்லுடா தம்பி. சாமி பேர்தான உனக்கு வெச்சிருக்கு. இந்த ஒரு தபாவாச்சும் சொல்லு.”

கொளஞ்சியப்பன் சொல்லவில்லை. சாமியின் பெயரை வைத்துக்கொண்டு சாமியே இல்லை என்று ஆயுசு முழுக்கச் சொன்ன மனிதர், வாய் நிறையத் தண்ணீரோடு கிடந்தார். டாக்டர் அத்தையை விலக்கிவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணைப் பிரித்து டார்ச் அடித்தார். மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“போயிட்டாரும்மா. கொஞ்ச நேரம் முன்னாடியே போயிருக்கணும்.”

“இன்னா முன்னாடியே?” என்று அத்தை சீறினாள். “நான் ஊத்தினதும் தொண்ட ஒரு தபா ஏறி எறங்குச்சே. முழுங்கினான். நான் பாத்தேன்.”

“அது அப்படித் தெரிஞ்சிருக்கும் அத்தே. தலையத் தூக்கினா தசை இழுக்கும்,” என்றாள் வெண்மதி.

“பாத்தது நானா, நீயா?”

டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெண்மதியின் அம்மா பூங்காவனம் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். அவள் கணவனைப் பார்க்கவில்லை. நாத்தனார் கையிலிருந்த குடுவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அதத் தொறந்துட்டீங்களா?”

“சாவறவன் வாயில ஊத்தாம கங்கத் தண்ணிய வேற எதுக்கு வெச்சிருக்கீங்க? நீதான வருசா வருசம் பொட்டு வெக்கற. இவன் வெளிய கருப்புச் சட்ட, வூட்டுக்குள்ள காசித் தண்ணின்னு எனக்கு எப்பவோ தெரியும். சொன்னா வெக்கப்படுவான்னு கம்முனு இருந்தேன்.”

அத்தையைக் குற்றம் சொல்ல முடியாது. அத்தையின் ஊரான சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் காசிக்குப் போய் வந்தவர்கள் வாயடைத்த செம்பில் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருப்பார்கள். வருடக் கணக்கில் யாரும் அதைத் திறப்பதில்லை. வீட்டில் யாருக்காவது கடைசி மூச்சு இழுக்கும்போது உடைத்து வாயில் விடுவதற்கென்றே அது இருக்கும். இந்த வீட்டுக் குடுவையும் வாயடைத்து, அலமாரியில், யாரும் தொடாமல் இருந்தது. ஆயுத பூஜையன்று மிக்ஸி, கேஸ் அடுப்பு, ஸ்கூட்டர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கும் பூங்காவனம், குடுவைக்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவாள். “வெளியதான வெக்கற, வெச்சிட்டுப் போ. உள்ள ஒண்ணும் போவாது,” என்று கொளஞ்சியப்பனும் விட்டுவிட்டார்.

“அது கங்கைத் தண்ணி இல்ல அத்தே,” என்றாள் வெண்மதி.

“பின்ன?”

சொன்னால் புரியாது என்பதல்ல. தம்பியின் வாயில் எதை ஊற்றினாய் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? வெண்மதி குடுவையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் மிச்சமிருந்தது. ஒரு தட்டை எடுத்து அதை மூடினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

*

கொளஞ்சியப்பன் அனல்மின் நிலையத்துத் தண்ணீர் லேபில் வேலை பார்த்தவர். பாய்லருக்குப் போகும் தண்ணீரில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. வெண்மதி பிறப்பதற்கு முந்தின வருடம், சுரங்கத்துக்கு அடியிலிருந்து இறைத்த தண்ணீரில் கொஞ்சம் அமோனியா, கொஞ்சம் பாஸ்பேட், ஒரு சிட்டிகை நிலக்கரித் தூள் எல்லாம் போட்டு, உயிர் என்று ஒன்றும் மிஞ்சாதபடி நாள் முழுக்கக் காய்ச்சி, குடுவையின் கழுத்தைத் தீயில் உருக்கி மூடினார். உயிரில்லாத சரக்கிலிருந்து தானாக உயிர் வருமா என்று பார்க்கப் போவதாகச் சொன்னார். ஷிப்ட்டில் கூட வேலை பார்த்த ராஜேந்திரனோடு நடந்த வாக்குவாதத்தில் தொடங்கியது அது என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

ராஜேந்திரனுக்குக் குள்ளஞ்சாவடிப் பக்கம் ஊர். கவிச்சி தொடமாட்டார். மாதப் பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்காமல் இருக்கமாட்டார். “உசுரு உசுருலேர்ந்துதான் வரும் கொளஞ்சி. மொத உசுர ஒருத்தன் குடுத்திருக்கணும்,” என்பார்.

“இந்தக் கரி ஒரு காலத்துல மரம்டா. மரம் கரியாவறப்ப நீ ஒண்ணும் கேக்கல. கரி மரமாவும்னா மட்டும் யாரு குடுத்தான்னு கேக்கற.”

“அது சாவு. சாவறதுக்கு யாரும் ஒண்ணும் குடுக்க வேணாம்.”

குவார்ட்டர்ஸில் இருந்தபோதும், ரிட்டயர் ஆகி மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டி வந்தபோதும் குடுவை கூடவே வந்தது. டெம்போவில் சாமான் ஏற்றிய அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் ராஜேந்திரன் அலமாரியை அண்ணாந்து பார்த்து, “இன்னாய்யா, எதுனா வந்துச்சா?” என்பார். “வரும், வரும்,” என்பார் இவர். இருவரும் சிரிப்பார்கள். பூங்காவனம் மட்டும் அப்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அம்மாவுக்கு இந்தப் பேச்சு அலுத்துவிட்டது போல என்று வெண்மதி நினைத்திருந்தாள்.

வெண்மதி மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. உயிர் தோன்றிய கதையை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறவள். ஒருநாள் அவளும் சொல்லிப் பார்த்தாள். “அதுக்கு ஒரு கடலும் கோடிக்கணக்கான வருஷமும் வேணும்பா. இது ஒரு புட்டி.”

“தெரியும் பாப்பா. எனக்குத் தெரியாதா?”

“அப்ப உடைச்சுப் பாத்துட வேண்டியதுதான?”

 அதற்கு அவர் போன வாரம்தான் பதில் சொன்னார். ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்ட பிறகு, பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கி வரச் சொன்னார். அதைக் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னார். குடுவையைக் காட்டி, “அதக் கொஞ்சம் திருப்பி வையி. என்னையே பாத்துகினு இருக்கு,” என்றார். உருண்டைக் குடுவைக்கு முகம் ஏது, முதுகு ஏது? இருந்தாலும் வெண்மதி திருப்பி வைத்தாள்.

“நான் போனப்பறம் ஒரு சொட்டு எடுத்துப் பாரு. என்னத் தூக்கறதுக்கு முன்னாடி என் காதுல சொல்லிடு. இருக்கு, இல்ல, ஒரு வார்த்த போதும்.”

“இப்பவே பாக்கலாமேப்பா. நீங்களே பாருங்க.”

“வேணாம்.” மூச்சு வாங்கியது. “உனக்கு முன்னாடி ஒருத்தன் செத்துப் பொறந்தான்ல? அவனுக்கு எல்லாம் இருந்துச்சு பாப்பா. நகம்கூட இருந்துச்சு. எது இல்லன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. இந்தப் புட்டியில உசுரு வந்திருந்தா, கரித்தூளுக்கு வந்தது அவனுக்கு ஏன் வரல? வரலன்னா, ராஜேந்திரன் சொல்றாப்ல ஒருத்தன் குடுக்கணும்னா, அவனுக்கு மட்டும் ஏன் குடுக்கல? ரெண்டுல எத நான் தாங்கறது சொல்லு.”

அண்ணன் ஒருவன் இறந்து பிறந்தான் என்பது வெண்மதிக்கு ஒரு செய்தியாகத் தெரியும். அந்தக் குடுவை அவனுக்காக வைத்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பார்த்துச் சொல்வதாக அப்பாவின் கையைப் பிடித்து ஒப்புக்கொண்டாள்.

*

ஐஸ் பெட்டி வந்தது. கூடத்தின் நடுவில் வைத்து, அப்பாவை உள்ளே கிடத்தி, கண்ணாடி மூடியைப் போட்டார்கள். சடங்கு எதுவும் வேண்டாம், மேளம் வேண்டாம் என்று அவரே சொல்லி வைத்திருந்ததால் வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். யாரோ மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தியதைப் பற்றிப் பேசினார்கள்.

வெண்மதி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அப்பாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கும் பார்வை போகவில்லை. பெட்டியின் மோட்டார் நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பெட்டி ஒரு உலுக்கு உலுக்கும். தொண்டைக்குழி அசைந்தமாதிரி இருக்கும். மோட்டார்தான் என்று தெரிந்தும் அடுத்த உலுக்கலுக்காகக் காத்திருந்தாள். அந்தத் தண்ணீர் இப்போது அவருக்குள் இருந்தது. அவளைவிட வயதில் மூத்த தண்ணீர், இருட்டில், அவர் வயிற்றுக்குள். அதில் ஏதாவது இருந்திருந்தால் அது இப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் பெட்டியிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். படித்தவள்தான், பாடம் நடத்துகிறவள்தான். பயம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வருகிறது?

ராஜேந்திரன் வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார். அத்தை அவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தான் ஊற்றியது, தொண்டை ஏறி இறங்கியது, அது கங்கைத் தண்ணீரே இல்லை என்று இந்தப் பெண் சொல்வது.

“அதயா குடிச்சான்?” என்றார் ராஜேந்திரன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் நின்று, தோள் குலுங்கச் சிரித்து, அந்தச் சிரிப்பு முடிவதற்குள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெண்மதி அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போனாள். ஜன்னலோரம் மேசையில் மைக்ராஸ்கோப்பை எடுத்து வைத்திருந்தாள்.

“அப்பா பாக்கச் சொன்னாரு மாமா. நீங்களும் பாருங்க. நீங்க ரெண்டு பேரும் வெச்ச பந்தயம்தான?”

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “நான் பாக்கமாட்டேன் பாப்பா.”

“ஏன்?”

“தோத்துட்டாக்கூடப் பரவால்ல. ஜெயிச்சிடக் கூடாது. நான் ஜெயிச்சேன்னா, அந்தக் கொழந்தைக்குக் குடுக்காம வுட்டவன் யாருன்னு உங்கப்பன் என்னத்தான கேப்பான்? எத்தினி வருசமா அவன் அதக் கேட்டுடுவானோன்னு பயந்துகினே இந்த வூட்டுக்கு வந்து போய்கினு இருந்தேன் தெரியுமா? ஒரு நாள்கூட அவன் கேக்கல. அதான் எனக்குத் தாங்கல.”

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய், பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

*

வெண்மதி குடுவையின் அடியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து ஸ்லைடில் விட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடினாள்.  கண்ணை வைத்து, திருகைத் திருப்பி, பிம்பத்தைத் தெளிவாக்கினாள்.

கறுப்புப் பொடிகள் ஆயிரக்கணக்கில் துடித்துக்கொண்டிருந்தன.

ஒரு கணம் உயிர்தான் என்று நம்பிவிட்டாள். மறுகணம் அது என்னவென்று தெரிந்துவிட்டது. முதல் முறை பார்க்கும் பிள்ளைகள் “மிஸ், உயிரோட இருக்கு மிஸ்” என்று கத்துவார்கள். அவள் சிரித்துக்கொண்டே விளக்குவாள்: தண்ணீர்தான் நாலா பக்கமும் இடிக்கிறது, செத்த தூளானாலும் இடித்தால் ஆடத்தான் செய்யும், ஆடுவதெல்லாம் உயிர் இல்லை. இது நிலக்கரித் தூள். வெண்மதி ஸ்லைடை ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்தித் தேடினாள். இன்னொரு சொட்டை எடுத்தும் தேடினாள். நீந்துவது, பிரிவது, தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டது என்று எதுவுமே இல்லை. எவ்வளவு தேடியும் தூள்தான் ஆடிக்கொண்டிருந்தது.

இல்லை. ஒரு வார்த்தைதான். கூடத்தில் தூக்குவதற்கு ஆட்கள் எழுந்துவிட்டார்கள். அவள் திரும்பியபோது வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள்.

“என்னா தெரியுது?”

“ஒண்ணுமில்லம்மா. தூள்தான்.”

“நான் பாக்கலாமா?”

அம்மா இதுவரை அந்தக் குடுவையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. வெண்மதி நாற்காலியை விட்டு எழுந்து, ஒரு கண்ணை எப்படி மூடிக்கொள்வது என்று காட்டினாள். பூங்காவனம் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“அசையுதே,” என்றாள்.

வெண்மதி வாயைத் திறந்தாள். பாடம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“அவனும் இப்பிடித்தான் அசைஞ்சான் பாப்பா,” என்றாள் அம்மா, கண்ணை எடுக்காமல். “பொறந்தப்பறம் துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. பொடிப்பொடியா அசைஞ்சான். உங்கப்பாருகிட்ட சொன்னேன். அவரு குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாரு. ‘இல்ல பூங்காவனம், உன் கைதான் நடுங்குது’ன்னாரு. அவரே சொல்லிட்டாருன்னு நான் குடுத்துட்டேன். எடுத்துகினு பூட்டாங்க. அதுக்கப்பறம் நான் அதப் பத்திக் கேக்கல, அவரும் சொல்லல. என் கைதானா, அவனான்னு அவருக்கும் சந்தேகம்தான். இல்லன்னா எதுக்கு இத வெச்சிகினு காலம்பூரா ஒக்காந்திருந்தாரு?”

அம்மா எதையும் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், விரலோடு விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“பாரு, இப்ப நான் கையே வெக்கல. அசையுதா இல்லியா?”

தண்ணீர் இடிக்கிறது, தூள் ஆடுகிறது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அப்பா அன்றைக்குச் சொன்னதும் அதே கணக்குத்தான். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். அந்த உண்மையைச் சொல்லிவிட்டு அவர் பட்ட பாட்டைப் போன வாரம்தான் அவள் பார்த்தாள்.

“அசையுதும்மா,” என்றாள்.

“போ. போய் உங்கப்பாருகிட்ட சொல்லு.”

வெண்மதி கூடத்துக்குப் போனாள். மூடியைத் திறந்து அப்பாவைப் பாடைக்கு மாற்றியிருந்தார்கள். அவள் மண்டியிட்டுக் காதருகே குனிந்தாள். காது ஐஸாகச் சில்லிட்டிருந்தது. கேட்ட வார்த்தையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள். இவரிடம் பொய் சொல்ல முடியாது, சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவார்.

“இல்லப்பா,” என்றாள். அதோடு எழுந்துகொள்ள முடியவில்லை. “அண்ணன் மேல தப்பில்ல. உங்க மேலயும் இல்ல.”

நிமிர்ந்தபோது ராஜேந்திரன் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்கள் பாடையைத் தூக்கினார்கள். அவரும் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார்.

“பூங்காவனம்!” என்று அத்தை அலறினாள். “தூக்கறாங்கடி. வந்து கடைசியா ஒரு தபா பாத்துக்கடி.”

“பாத்துகினுதான் இருக்கேன் அண்ணி,” என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது.

புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அத்தை உள்ளே போகப் பார்த்தாள். வெண்மதி குறுக்கே நின்று, “இருக்கட்டும் அத்தே, அவங்கள விடுங்க,” என்றாள். அழுகைச் சத்தம் வாசலுக்குப் போய், தெருவுக்குப் போய், மெயின் ரோடு பக்கம் தேய்ந்தது. பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டிலிருந்த குடம், அண்டா, சொம்பு எல்லாவற்றிலும் இருந்த தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். சாவு விழுந்த வீட்டில் பழைய தண்ணீர் ஒரு சொட்டும் தங்கக்கூடாது.

வெண்மதி பின்னறைக்கு வந்தாள். அம்மா அப்படியே இருந்தாள். கைகள் பின்னால் கோத்தபடியே இருந்தன.

“பாப்பா, ஒரு ஓரமா நிக்குதே. இந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் நின்னுடுச்சி.”

ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. சொட்டு காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடித் துண்டின் ஓரத்திலிருந்து ஈரம் உள்வாங்க உள்வாங்க, தூள்கள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் சற்று நேரத்தில் எல்லாமே நின்றுவிடும். வெண்மதி சமையலறைக்கு ஓடினாள். குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. குடுவையும் அங்கே கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அத்தைதான் செய்திருப்பாள். புதுத் தண்ணீர் பிடிக்கப் பெண்கள் தெருக்குழாய்க்குப் போயிருந்தார்கள்.

“நிக்குது பாப்பா,” என்று பின்னறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

கூடத்தின் நடுவில் ஐஸ் பெட்டி காலியாகக் கிடந்தது. யாரும் ஸ்விட்சை அணைக்கவில்லை, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடியின் மேல் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. வெண்மதி ஆள்காட்டி விரலால் அதில் ஒரு சொட்டை வழித்தாள். மறு கையைக் கீழே ஏந்திக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்தாள். அம்மாவின் கன்னத்தை இடிக்காமல் குனிந்து, கண்ணாடித் துண்டின் ஓரத்தில் விரலை வைத்தாள். நீர் உள்ளே இறங்கியது.

“ஆங்,” என்றாள் பூங்காவனம், கண்ணை எடுக்காமலே. “வந்துடுச்சி.”